வாட்டர்லூ ஸ்திரீட் கூட்டாளிகள்

லிட்டில் இந்தியாவுக்குக் கற்றல் பயணம் அழைத்துப் போகும் ஆசிரியர்கள் பெரும்பாலும் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தோடு முடித்துக்கொள்கிறோம். நேரம் அவ்வளவுதான், பேருந்து காத்திருக்கும். ஆனால் அங்கிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் வாட்டர்லூ ஸ்திரீட் வந்துவிடும். கிருஷ்ணன் கோவிலும் குவான் இம் கோவிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற தெரு. பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த தெருதான். அதே தெருவில் 1943 அக்டோபர் 22ஆம் தேதி பெண்களுக்கென்று ஒரு ராணுவ முகாம் திறக்கப்பட்டது. ஜான்சி ராணிப் படையின் முதல் பயிற்சி முகாம் அது.

இந்தப் படையைப் பற்றி வகுப்பில் பேசும்போது நாம் வழக்கமாக நேதாஜியின் பேச்சில் தொடங்கி, சீருடை அணிந்த பெண்களின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி, 1945 ஆகஸ்ட்டோடு முடித்துவிடுகிறோம். படத்தில் அருகருகே நிற்கிற அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் என்ன ஆனார்கள் என்று கேட்பதில்லை. இரண்டு வருஷத்துக்குள் சிங்கப்பூர், ரங்கூன், மேமியோ, பாங்காக் என்று ஊர் ஊராக மாற்றப்பட்டவர்கள் அவர்கள். படை கலைந்தபின் சிலருடைய நட்பு ஐம்பது, அறுபது வருஷம் தாங்கியது. பலருடையது தடமில்லாமல் போய்விட்டது. இரண்டுக்கும் காரணம் உண்டு. அதைப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூர் வந்தார். ஜூலை 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். ஜூலை 9ஆம் தேதி பாடாங்கில் பெருங்கூட்டம். பெண்களுக்கென்று தனிப் படை அமைக்கப்போவதாக அவர் பேசியதும், அதை நடத்த யார் என்ற கேள்வி வந்தது. டாக்டர் லட்சுமி சுவாமிநாதனைக் காட்டினார்கள். 1914இல் சென்னையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்றவர். 1940இல் சிங்கப்பூர் வந்து, இங்கிருந்த ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூலை 12ஆம் தேதி நடந்த பெண்கள் கூட்டத்தில் நேதாஜிக்கு மரியாதை அணிவகுப்பு கொடுக்கச் சில பெண்களைத் திரட்டினார். அதுவரை துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள், சேலை கட்டிக்கொண்டு கனமான துப்பாக்கியைத் தூக்கி நின்றார்கள். படையின் முதல் வித்து அந்தச் சின்னக் கூட்டம்தான். பிறகு அந்தப் பெண்களே வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார்கள்.

இந்த விவரம் முக்கியம். கட்டாய ஆள்சேர்ப்பு என்றால் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். இங்கே பலர் அக்காள் தங்கையாகவே வந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து ஜானகி தேவர் வந்தபோது அவர் சகோதரி பாப்பாத்தியும் சேர்ந்தார். ராசம்மா, பொன்னம்மா நவரத்தினம் சகோதரிகள் இருவரும் சேர்ந்தார்கள். ஜானகி பிறந்தது 1925இல், ராசம்மா 1927இல். வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நம்ம உயர்நிலை மூன்று, நான்கில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் வயசு, கூடினால் தொடக்கக்கல்லூரி வயசு. ஜானகி ஒரு கூட்டத்தில் நேதாஜியின் பேச்சைக் கேட்டுக் காதில் போட்டிருந்த தங்கத்தோட்டைக் கழற்றிக் கொடுத்தார் என்பது பலரும் சொல்லும் செய்தி. வீட்டில் அதற்கு ஏச்சு கிடைத்ததும் அதே கதையின் பகுதிதான்.

ஆனால் ஜானகியும் ராசம்மாவும் படித்த குடும்பத்துப் பெண்கள். படையில் பெரும்பாலோர் அப்படியில்லை. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். நிறையப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லயத்து வீட்டையும் தோட்டத்துக் கோவிலையும் தாண்டி உலகம் பார்க்காதவர்கள். அவர்களோடு சீக்கியப் பெண்கள், வட இந்தியக் குடும்பத்துப் பெண்கள், யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண்கள், கிறிஸ்துவப் பெண்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் படுத்தார்கள். ஒரே சமையல், ஒரே பந்தி. சாதி பார்த்துத் தனித் தட்டு வைப்பதெல்லாம் அங்கே செல்லாது. கட்டளைகள் இந்துஸ்தானியில், தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது புரிய வேண்டும் என்பதற்காக ரோமன் எழுத்தில் எழுதிச் சொல்லிக்கொடுத்தார்கள். முந்தின வருஷம் வரை கங்காணி அதட்டினால் தலைகுனிந்த பெண்ணும், கான்வென்ட்டில் ஆங்கிலம் படித்த பெண்ணும் ஒரே கட்டளைக்கு ஒரே மாதிரி தடுமாறி இடது காலுக்குப் பதில் வலது காலை வைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். மொழி தெரியாத நிலை இருவருக்கும் பொதுவாக இருந்ததே, என் கணிப்பில், அவர்களைச் சீக்கிரம் நெருங்க வைத்த ஒரு காரணம்.

இங்கே நம் இலக்கியப் பாடத்தை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். நட்பு என்றாலே பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வோம், ஒருவரை ஒருவர் பார்க்காமலே வளர்ந்த நட்பு. இந்த முகாமில் நடந்தது அதற்கு நேர்மாறு. குளிப்பது, சாப்பிடுவது, தூங்குவது, அழுவது எதுவும் தனியாக இல்லை. இப்படி நெருக்கடியில் விளைந்த நட்பு, நெருக்கடி போனபின் தாங்குமா என்பதுதான் கேள்வி.

முதல் பயிற்சி நிறைவு அணிவகுப்பு 1944 மார்ச் 30ஆம் தேதி நடந்தது. அதே மாதம் இம்பால் போர் தொடங்கியிருந்தது. இம்பால் விழுந்தால் இந்திய மண்ணில் முதலில் கால் வைக்கும் படைகளில் இதுவும் இருக்க வேண்டும் என்பது திட்டம். அதற்காகப் பெண்களைப் பகுதி பகுதியாகப் பர்மாவுக்கு அனுப்பினார்கள். போன வழியைக் கவனியுங்கள். சயாம்–பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர் நீளம், 1943 அக்டோபரில்தான் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. அதைப் போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர்கள் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்த பாதை. நம்மவர்கள் அதை மரண ரயில் என்றுதான் சொல்வார்கள். அதே தோட்டங்களின் பெண்கள், அதே ஜப்பானியரின் கூட்டாளிப் படையாக, அதே தண்டவாளத்தின் மேல் போனார்கள். இந்த முரண்பாட்டை வகுப்பில் மறைக்கக்கூடாது. உயர்நிலை மாணவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள், கேட்க வேண்டும்.

இம்பால் விழவில்லை. ஜூலையில் தாக்குதல் கைவிடப்பட்டது. மேமியோ வரை போன பெண்கள் போர்முனையைப் பார்க்காமல் மருத்துவமனையில் காயம்பட்டவர்களையும் மலேரியாவில் விழுந்தவர்களையும் கவனித்தார்கள். சுட வந்த எங்களைக் கட்டுப்போட விட்டார்களே என்ற மனக்குறை பலருக்கு இருந்தது. வரலாற்று நூல்களிலும் இந்தப் படை போரிட்டதா இல்லையா என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை. படையில் எத்தனை பேர் என்பதிலும் ஒத்த கருத்து இல்லை: ஆயிரம் என்பார்கள் சிலர், அதில் பாதிகூட இராது என்பார்கள் வேறு சிலர். மாணவர் பணித்தாளில் ஒரே எண்ணைப் போட்டுக் கட்டத்தை நிரப்பச் சொல்வதைத் தவிர்ப்பது நல்லது.

நட்பைப் பொறுத்தவரை பெரிய சோதனை வந்தது 1945 ஏப்ரலில். பிரிட்டிஷ் படை ரங்கூனை நெருங்கிவிட்டது. பெண்கள் பாதுகாப்பாக வெளியேற ஏற்பாடு ஆகும்வரை தான் கிளம்ப மாட்டேன் என்று நேதாஜி பிடிவாதமாக இருந்தார். ஏப்ரல் 24ஆம் தேதி இரவு, நூறு பேரளவில் இருந்த பெண்களோடு அவரும் புறப்பட்டார். லாரிகள் சேற்றில் சிக்கின. பகலில் விமானத்துக்குப் பயந்து மரத்தடியில் ஒளிந்திருப்பது, இரவில் நடப்பது. சிட்டாங் ஆற்றைத் தாண்டி மௌல்மீன் போய், பாங்காக் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. நேதாஜியின் கால் கொப்பளித்துப்போனது; ஆனாலும் அவர் காரில் ஏறாமல் பெண்களோடு நடந்தார். கூடவே நடந்த தமிழர் ஒருவர் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அவர் எஸ். ஏ. ஐயர், தற்காலிக அரசாங்கத்தின் பிரசார அமைச்சர், தொழிலால் பத்திரிகைக்காரர். அவருடைய ஆங்கில நூல் 1951இல் வந்தது.

அந்த நடையில் பெண்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜானகி. வயது இருபது. லட்சுமி அப்போது கூட இல்லை. பர்மாவிலேயே தங்கிவிட்ட அவர் பிறகு பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, 1946 மார்ச்சில்தான் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ரங்கூனிலிருந்து ரயிலில் திரும்பிய இன்னொரு குழு வழியில் தாக்கப்பட்டது. ஜோசஃபின், ஸ்டெல்லா என்ற இரண்டு பெண்கள் அதில் இறந்தார்கள். படையின் போர் இழப்பு என்று பெயரோடு சொல்லக்கூடியது அந்த இரண்டு பெயர்களைத்தான். பிழைத்தவர்கள் முதுமையில் கொடுத்த பேட்டிகளிலும் அந்த இரண்டு பெயர்கள் வருகின்றன. நினைவுக்கல் எதுவும் எழும்பாத இடத்தில் கூட இருந்தவர்களின் ஞாபகமே கல்லாக இருந்திருக்கிறது.

பாங்காக்கிலிருந்து ஒவ்வொருவராக மலாயாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிங்கப்பூர் முகாம் மட்டும் கடைசிவரை நடந்தது. 1945 ஆகஸ்ட் 14ஆம் தேதி மாலை, ஜப்பான் சரணடையப்போகிறது என்ற தகவல் மேலிடத்துக்கு எட்டிவிட்ட நேரத்தில், முகாம் பெண்கள் ஜான்சி ராணியின் வாழ்க்கையை நாடகமாக நடித்தார்கள். நேதாஜி வந்து உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். மறுநாள் போர் முடிந்தது. ஆகஸ்ட் 16ஆம் தேதி அவர் சிங்கப்பூரை விட்டுப் போனார், திரும்பவில்லை. அந்த நாடகத்தில் நடித்த பிள்ளைகள் வேஷத்தைக் கலைத்துவிட்டு, படுக்கையைச் சுருட்டி, அவரவர் ஊருக்குப் போக வேண்டியதாயிற்று.

போனபின் என்ன ஆயிற்று?

பெயர் தெரிந்தவர்களைப் பார்ப்போம். லட்சுமி 1947 மார்ச்சில் லாகூரில் பிரேம் குமார் சேகலை மணந்தார். சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான், ஷா நவாஸ் கான் மூவரும்தான் 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் ஒரே கூண்டில் நிறுத்தப்பட்டவர்கள்: ஓர் இந்து, ஒரு சீக்கியர், ஒரு முஸ்லிம். ஆயுள் நாடுகடத்தல் என்று தீர்ப்பாகி, 1946 ஜனவரியில் தண்டனை ரத்தானது. லட்சுமி கான்பூரில் குடியேறித் தொண்ணூறு வயது தாண்டியும் கிளினிக் நடத்தினார். பர்மாவில் இயக்கத்தில் இருந்த மானவதி ஆர்யாவும் அதே கான்பூரில்தான் வாழ்ந்தார். சேகல் 1992இல் காலமானார். அதன்பின் 1990களின் கடைசியில், கபீர் கான் என்ற இளம் இயக்குநர் எடுத்த ஆவணப்படத்துக்காக, எண்பதைத் தாண்டிய லட்சுமியும் தில்லானும் சேர்ந்து மறுபடி சிங்கப்பூர் வந்தார்கள். இங்கிருந்து மலேசியா, தாய்லாந்து, மியன்மார் வழியாக இம்பால் நோக்கி, படை போன பாதையில் திரும்பப் போனார்கள். செத்துப்போன சேகலுக்கு ஒருவர் மனைவி, ஒருவர் கூண்டில் பக்கத்தில் நின்றவர். இந்த இரண்டு கிழவர்களின் பயணத்தை நட்பு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

மலாயாப் பக்கம் கதை வேறு மாதிரி போனது. ஜானகி 1946இல் இந்தியக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவோடு வேலை செய்தார். அதே வருஷம் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர். திவியும் இந்திய சுதந்திரச் சங்கத்திலிருந்து வந்தவர்தான். அதாவது முகாமில் ஏற்பட்ட பழக்கம் ஒரு கட்சியாக உருமாறியது. ஆதி நாகப்பனை மணந்த ஜானகி பின்னாளில் மேலவை உறுப்பினரானார், 2014இல் மறைந்தார். ராசம்மா ஆசிரியரானார். பூபாலனை மணந்து ராசம்மா பூபாலன் என்று அறியப்பட்டவர், 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை நிறுவினார். ஒரே வேலைக்கு ஆண் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்று இருந்த காலம் அது. சம ஊதியத்துக்கு அவர் நடத்திய போராட்டத்தால் பலன் கிடைத்தது. நம் சங்க இதழில் இதைத் தனியாகவே ஒரு கட்டுரையாக எழுதலாம். பதினாறு வயதில் அணிவகுப்பில் தோளோடு தோள் நிற்கக் கற்றவர், முப்பத்து மூன்று வயதில் ஆசிரியைகளை அப்படி நிற்க வைத்தார்.

ஜாய்ஸ் லெப்ரா என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இந்தப் பெண்களில் பலரைத் தேடிப்பிடித்துப் பேட்டி கண்டு எழுதிய நூலை 2008இல் சிங்கப்பூரின் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் வெளியிட்டது. ஒருவரைத் தெரிந்துகொண்டால் அவர் மூலமாக அடுத்தவரைத் தெரிந்துகொள்வது, இந்த மாதிரி ஆய்வுக்கு அதுதான் வழி. நட்பு உயிரோடு இருந்ததால்தான் வரலாறும் கிடைத்தது.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இப்படிக் கண்ணி கண்ணியாகக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் படித்தவர்கள், அதிகாரிகளாக இருந்தவர்கள். கடிதம் எழுதத் தெரியும். நிலையான முகவரி உண்டு. கணவர் வழக்கறிஞரோ அதிகாரியோ. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் எது இருந்தது? கல்யாணம் ஆனால் ஊர் மாறும், பெயரோடு ஒட்டியிருந்த அப்பா பெயர் போய்க் கணவர் பெயர் வரும். 1948இல் அவசரகாலம் வந்தது. பிறகு 1950களில் தோட்டத் துண்டாடல். பெரிய தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட, தலைமுறையாக இருந்த லயத்தை விட்டுக் குடும்பங்கள் கிளம்பின. அதைத் தடுக்கத்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ராணுவம் அவர்களை இரண்டு வருஷம்தான் இடம் மாற்றியது. ரப்பர்த் தொழில் வாழ்நாள் முழுக்க மாற்றியது. இரண்டாவது மாற்றத்தில்தான் கூட்டாளிகள் தொலைந்தார்கள் என்று நினைக்கிறேன். பாசம் குறைவாக இருந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஒரே ஆற்றை, ஒரே இரவில், ஒரே பயத்தோடு தாண்டியவர்கள்தான் எல்லாரும்.

இதை மாணவர்களுக்கு விளங்க வைக்க நம்மிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. தேசிய சேவை. இரண்டு வருஷம் ஒரே பங்க்கில் படுத்து எழுந்த பையன்கள் முழுநேரச் சேவை முடிந்ததும் பிரிந்துபோவதில்லை. ரிசர்விஸ்ட் என்று வருஷா வருஷம் அரசாங்கமே கடிதம் போட்டுக் கூப்பிடுகிறது. முனகிக்கொண்டு போகிறவர்கள்தான் நிறைய. ஆனாலும் போன இடத்தில் பழைய கூட்டாளி இருக்கிறான், அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளை, முடி கொட்டிவிட்டது என்று சிரித்துக்கொண்டு வருகிறார்கள். அப்பாவிடமோ அண்ணனிடமோ கேட்டுவரச் சொல்லுங்கள், வகுப்பே கலகலவென்று ஆகிவிடும். ஜான்சி ராணிப் படைப் பெண்களுக்கு அப்படிக் கூப்பிட்டு அனுப்ப ஒரு அரசாங்கம் இல்லை. அவர்கள் சேர்ந்த அரசாங்கமே காணாமல் போய்விட்டது. நேதாஜி 1945 ஜூலை 8ஆம் தேதி கடற்கரையோரம் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தைக்கூட, செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள். இப்போது எஸ்பிளனேட் பூங்காவில் அந்த இடத்தைக் காட்டும் பலகை 1995இல் வைக்கப்பட்டது. ஐம்பது வருஷம் அங்கே கூடி நிற்க ஒரு கல்லும் கிடையாது.

வகுப்புக்கு எடுத்துப்போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு குறிப்பு. இந்தப் படைப் பெண் ஒருவரின் நாட்குறிப்பு என்ற பெயரில் 1945இல் பம்பாயில் வெளிவந்த ஆங்கில நூல் ஒன்று இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும்; மாணவர்கள் அதைத்தான் முதலில் எடுத்துவருவார்கள். அது அமிர்தலால் சேட் என்ற பத்திரிகையாளர் கற்பனையாக எழுதியது என்பது ஆய்வாளர்களின் முடிவு. மேற்கோளாகப் பயன்படுத்த வேண்டாம். ஆனால் உண்மைச் சாட்சியையும் புனைவையும் எப்படிப் பிரித்தறிவது என்று சொல்லிக்கொடுக்க அருமையான பொருள். இன்னொன்று, 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையத்தின் ஒலிப்பதிவுகள். ஜப்பானியர் காலத்தைப் பற்றி நம்மவர்கள் பேசியதைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் கேட்கலாம். தயங்கித் தயங்கிப் பேசும் அந்தக் குரலைக் கேட்டபின் பாடநூல் பத்தியைப் படித்தால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியும்.

பூட்டிக்கு மலாயாத் தோட்டத்துப் பூர்வீகம் உள்ள குடும்பங்கள் நம் வகுப்புகளில் இன்னும் இருக்கின்றன. எல்லையைத் தாண்டி வந்து சிங்கப்பூரில் குடியேறியவர்களின் பேரப் பிள்ளைகள், கொள்ளுப்பேரப் பிள்ளைகள். வீட்டில் பெரியவர்களிடம் பேசச் சொல்லும்போது, படையில் இருந்தீர்களா என்று யாரும் தொடங்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு அவர்களின் அம்மா காலத்திலேயே வாய் மூடிப் பழகிவிட்டார்கள். பாட்டியோட கூட்டாளி யாரு, அவங்க பேரு என்ன, கடைசியா எப்ப பார்த்தாங்க என்று கேட்கட்டும். பழைய படத்தில் பாட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த இன்னொரு பெண்ணின் பெயரை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று படத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கட்டும்.